தண்ணீர் முதலில் நடுங்கும்

கல்லே இல்லாத ஊர் எனக்கு.
வேதாரண்யம் பக்கம்.
நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான் அகப்படும்.
கல் பார்க்கத் தண்டவாளம் வரை போக வேண்டும்;
அந்த ஜல்லியும்
இந்தப் பக்கத்திலிருந்து வந்ததாய் இருக்கலாம்.

பர்கூருக்கு என்னை மாற்றினார்கள்.
அறிவியல் எனக்கு,
ஆளில்லாத புவியியலும் எனக்கே.

முதல் நாள் கரும்பலகையில்
'அனற்பாறை' என்று எழுதித் திரும்பினால்
மேசைமேல் பதினொரு கற்கள்.
எல்லாம் வருகிற வழியில் பொறுக்கியவை.
திம்மராஜ் வீட்டில் அது ராயி,
முபீனா வீட்டில் பத்தர்,
கவுதமிக்குக் கல்லு.
எது டீச்சர் அனற்பாறை?
ஒன்பதைத் தொட்டுக் காட்டினேன்.
மீதி இரண்டில்
இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
குவாரியில் சங்கு ஊதும்.
பிறகு வெடி.
சத்துணவு வரிசைக்கு அது பழக்கம்.
தட்டில் முட்டை வாங்கியவர்கள் மட்டும்
ஒரு கையால் பொத்திக்கொள்வார்கள்,
உருண்டுவிடாமல்.

"டீச்சர், தண்ணி மொதல்ல நடுங்குது.
சத்தம் அப்புறந்தான் வருது"
என்றாள் முபீனா, தம்ளரைக் கீழே வைத்தபடி.

திடப்பொருளில் ஒலி விரைந்து செல்லும்:
புத்தகத்தில் ஒரே வரி.
அதை நடத்த நான்
இரண்டு தீப்பெட்டியும் நூலும் கொண்டுவந்திருந்தேன்.
பையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

வராந்தா தரையில் எவர்சில்வர் தம்ளர், விளிம்பு வரை தண்ணீர்.
என் போனில் ஸ்டாப்வாட்ச்.
வட்டம் எழுந்ததும் தொடு,
காதில் விழுந்ததும் தொடு.
ஒருத்தன் கட்டைவிரல் முந்தும், ஒருத்தி விரல் தூங்கும்.
சராசரி எதற்கு என்று
யாரும் அதன்பிறகு கேட்கவில்லை.

இரண்டு புள்ளி ஒன்பது விநாடி.
முந்நூற்று நாற்பதால் பெருக்கினோம்.
தரைவழி வரும் நேரம் கண்சிமிட்டல் என்று தள்ளிவிட்டோம்.
ஒரு கிலோமீட்டருக்குப் பதினாலு மீட்டர் குறைவு.
"சைக்கிள்ல மிதிச்சாலும் அவ்ளோதான் வரும்"
என்று கணக்கைச் சரிபார்த்தான் திம்மராஜ்.
அவன் அப்பா அங்கே துளை போடுகிறவர்.

கதவில் ஒட்டிய சார்ட்டில்
ஜூலை, ஆகஸ்ட் ஒரே மாதிரி நின்றன.
காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டு புள்ளி ஆறு.
விரலில் பிழை என்று ஆளை மாற்றினேன்.
போனை மாற்றினேன்.
வெயிலேறினால் ஒலி கொஞ்சம் வேகமெடுக்குமே,
அதனாலா என்று கவுதமி கேட்டாள்.
போட்டுப் பார்த்தோம். நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.
மாமரம் பூத்தது.
பூவின்மேல் கிரஷர் மாவு படிந்தது.
பிப்ரவரியில் இரண்டு புள்ளி ஒன்று.

யாரோ கழித்தார்கள்.
இருநூற்று எழுபத்திரண்டு மீட்டர்.

வகுப்பு சற்று நேரம் சார்ட்டையே பார்த்தது.
"எங்கப்பா ஸ்கூலுப் பக்கம் வந்துக்கிட்டே இருக்காரு"
என்றான் திம்மராஜ்.
சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான், கொஞ்சம் பெருமையாகத்தான்.

நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை
எழுதிப் போட்டேன்.
முடிவு என்ற தலைப்பின்கீழ்
சாக்பீஸ் நின்றுவிட்டது.
நீங்களே எழுதுங்கள் என்றேன்.
கவுதமி எழுதியிருந்தாள்:
'இனிமேல் தம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும்.'
அதற்கு டிக் போட்டேன்.

ஆய்வுக்கு வந்தவர் கதவருகே நின்றார்.
இது என்னம்மா?
ஒலியின் வேகம் சார்.
நல்லது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் அளந்தோம் என்று சொல்ல முடியாது.
வெடி முடிந்ததும்
இன்னொரு சங்கு ஊத வேண்டும்,
ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று.
அது கேட்கிற வரைக்கும்
திம்மராஜ் சோற்றில் கை வைக்க மாட்டான்.
சில நாள் அது சீக்கிரம் வரும்.
சில நாள் தாமதமாகும்.
அந்தப் பக்கம்
போனை நான் நீட்டியதில்லை.