வலிக்காத நாள்

துலூத் நகரம். முன்னாள் படைவீரர் மருத்துவமனை,
மூன்றாம் மாடி, பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே ஏரி
கல்லாய்க் கிடக்கிறது.
கூட்டம் தொடங்குமுன்
கோரின் லாட்வாலா எழுந்து போய்
விளக்குகளை அணைத்தார்.
ஏன் என்று கேட்டவர்
டாக்டர் ஹால்வர்சன் மட்டுமே.

தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
மேசையைச் சுற்றி
வந்தவர்கள் ஆறு பேர்,
வராதவர் ஒருவர்.
படிவம் அவர் கையில்தான் இருந்தது.

சென்ற மாதம் எத்தனை நாள் வலித்தது?
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?

வெண்டல் க்ரூக்ஸ் சிரித்தார்.
காந்தகார் சாலையில் வண்டி புரண்ட நாள் முதல்
அவர் சிரிப்பு
இடது கண்ணை எட்டுவதில்லை.
"நாலு என்றால் மாத்திரை தந்து அனுப்புவீர்கள்.
ஒன்பது என்றால் சந்தேகப்படுவீர்கள்.
அதனால் ஏழு சொல்லப் பழகிவிட்டோம், டாக்டர்."

"எல்லாருமா?"

ஆறு தலைகள் ஆடின,
மிக மெல்ல,
வேகமாக ஆட்டினால் வலிக்கும்.

டாக்டரின் பேனா டிக் டிக்கென்றது.
"அதையும்தான்" என்றார் மூலையிலிருந்து
ரேமுண்டோ பாகா.
மேசைமேல் ஒரு பென்சில் உருண்டு போனது அவரிடம்.

பிறகு எல்லாம் கொட்டியது:
தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருக்க வைத்து
காதில் ஊதும் எக்காளம்,
காத்திருப்பு அறையில் தரைமெழுகின் வாடை,
பதின்மூன்று ஆண்டில் பதினான்கு டாக்டர்கள்,
ஒவ்வொருவரிடமும் அந்த வெடியை
முதலிலிருந்து மறுபடி வெடிக்க வேண்டியது.
குறிப்பெடுக்க வந்த நான்
இருட்டில் வரிமேல் வரி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கோரின் கடைசியில் பேசினார்:
"வலித்த நாளைக் கேட்காதீர்கள்,
அதற்குக் கணக்கில்லை.
வலிக்காத நாளைக் கேளுங்கள்.
போன மாதம் ஒன்று வந்தது.
பதினொன்றாம் தேதி, செவ்வாய்.
மகளுக்கு நானே சடை பின்னினேன்.
கார்க் கண்ணாடியில் உறைபனி சுரண்டும் சத்தத்தை
முழுசாய்க் கேட்டேன்.
நன்றாக இருந்தது அந்தச் சத்தம்."

டாக்டர் பென்சிலால்
முதல் கேள்வியை அடித்தார்.
அடித்துவிட்டு
எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் மாதம் புதுப் படிவம் வந்தது.
கேள்வி மாறியிருந்தது.
மங்கல் விளக்குக்கான விண்ணப்பம்
கட்டடப் பிரிவில் நிலுவையில் இருக்கிறதாம்.
கோரின் வரவில்லை,
வலி என்று தகவல்.
ஹால்வர்சன் தானே எழுந்து போய்
சுவிட்சைத் தட்டினார்.
அவருடைய நாற்காலியை
யாரும் ஓரமாய் நகர்த்தவில்லை.
இழுத்தால் கிறீச்சிடும்.