முப்பத்தி நான்கு சதவீதம்

இரவு எட்டுக்குத் தொடங்கியது.
'அணைக்க வேண்டாம்' என்றது திரை,
நீல நிறத்தில், மிக மரியாதையாக.
புந்தா அரேனாஸில் அன்று
தகரக் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.
மின்சாரம் போய்விடக் கூடாதே என்று
கால்நடை மருத்துவமனையில் கணக்கெழுதும் நான்
யாரிடம் போய் வேண்டிக்கொள்வேன்?
ஐந்து புள்ளிகள் வட்டமாக ஓடின.

முப்பத்தி நான்கு சதவீதம்.
முள்வேலியில் சிக்கிய கம்பளிபோல
அரை மணி நேரம் அங்கேயே.

அப்போதுதான் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு
ரெமிஹியோ வந்தார்,
கோட்டுக்குள் மந்தை நாய் துகே.
பூமா கிழித்த தோள்.
கையுறையை இழுத்தபடி டாக்டர் இவெலிச் கேட்டார்:
"யாஸ்னா, இவனுக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது?"
பதினோரு வருடப் பதிவுகளும்
அந்த நீலத்துக்குப் பின்னால்.
"முப்பத்தி நான்கு" என்றேன்.
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ரெமிஹியோ சொன்னார்:
"பெனிசிலின். போன வருடம் முகம் வீங்கியதே,
ரோமம் கத்தரிக்கும் வாரத்தில்."
நாய் பிழைத்தது.
நள்ளிரவு தாண்டித் திரை சொன்னது:
'எல்லாம் தயார்!'

மறுநாள் காலை பதினோரு விநாடியில் விழித்துக்கொண்டது.
முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு
கெட்டில் வைத்து, மாத்தே இலையை நனைத்து,
இரண்டு உறிஞ்சு உறிஞ்சி,
போர்வெனீர் படகு கிளம்பிவிட்டதா என்று
ஜன்னலில் நீரிணையைப் பார்த்துவிட்டு வருவேன்.
சம்பளச் சீட்டில் எழுதாத அந்த ஆறு நிமிடத்தை
யாரோ பிடித்தம் செய்துவிட்டார்கள்.

தொடங்கும் பொத்தான்
இடது மூலையிலிருந்து நடுவுக்குக் குடிபெயர்ந்திருந்தது.
என் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

கேட்காமலே வானிலை சொல்கிறது:
'இதமான தென்றல்.'
எங்கள் கூரையின் ஒரு தகடு
எதிர்வீட்டு முட்டைக்கோசுப் பாத்தியில் கிடக்கிறது.

மருந்து பாட்டில்களுக்குச் சீட்டு அடிக்கும் பிரிண்டரை
அதற்கு அடையாளம் தெரியவில்லையாம்.
பால்தொமேரோ வந்தான். கேபிளை மாற்றினான்,
டிரைவரைத் தேடினான், காதைச் சொறிந்தான்.
"மெஷின் நல்லாத்தான் இருக்கு.
இதுக்குத்தான் அதைத் தெரியாது."
பிரிண்டர் பாட்டுக்கு
பச்சை விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறது.

குறை சொல்லிக்கொண்டே இருக்கலாம்.
ஆனால் புதன்கிழமை மின்சாரம் போயிற்று,
இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகளின் சொறி பற்றி
பண்ணைக்கு எழுதிய கடிதம், சேமிக்காதது.
வெளிச்சம் வந்ததும்
அதே பாதிச் சொல்லில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
வாய்விட்டு நன்றி சொன்னேன்.
பக்கத்தில் யாருமில்லை.

இன்னொன்று.
எழுத்தை உள்ளங்கை அளவு பெரிதாக்க
அதில் ஒரு வழி இருக்கிறது.
டாக்டர் தற்செயலாக அழுத்திவிட்டார்.
சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.
பிறகு மில்லியா மைக்ரோவா என்று என்னைக் கேட்காமல்
அளவை அவரே உரக்கப் படித்தார்.
இரண்டு வருடமாக
நாங்கள் இருவரும் பேசாமல் வைத்திருந்த விஷயம் அது.
அன்றும் பேசவில்லை.
மாத்தே மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்.

பழையதற்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் என்றது.
ஒன்பதாம் நாள்
பால்தொமேரோ போனில் கேட்டான்: "மாத்திடலாமா?"
துகேவுக்குத் தையல் பிரிக்கும் நேரம்.
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.
சொல்லவில்லை.

பெனிசிலின் கூடாது என்று
கருப்பு மார்க்கரில் எழுதி
சுவரில் ஒட்டியிருக்கிறேன், திரைக்கு நேர் மேலே.
பாட்டில் சீட்டுகளும் என் கையெழுத்தில்தான்.
'ஐ'யும் 'ஒன்'றும் ஒரே மாதிரி என்று
ரெமிஹியோவின் மனைவி முறையிட்டிருக்கிறாள்.

இன்றும் கை இடது மூலைக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.
ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டுத் திரும்பியது.