நடுப்படம்

இருபதுக்குப் பத்தில் நடுவே நிற்பவனுக்கு
ஏதாவது ஆகிவிடும்.
முதலில் சொன்னது யாரென்று தெரியாது.
பாமணியாற்றுப் பாலத்தருகே
என் ஃபிளக்ஸ் கடைக்கு அந்தப் பேச்சு வந்து சேர்ந்தபோது
அதற்கு ஏற்கெனவே மூன்று சாட்சிகள்.

தியாகேசன், கோட்டூர் மின்னொளி கபடி.
தொடை தட்டி நிற்கிற படம், பின்னால் தீ.
தீ நான் போட்டது.
அரையிறுதியில் முட்டிச் சவ்வு கிழிந்து
டாடா ஏஸில் படுத்தபடி ஊர் திரும்பினான்,
கம்பத்துக்குக் கம்பம்
தொடை தட்டி நின்றுகொண்டிருந்த தன்னைப் பார்த்துக்கொண்டே.

ரியாஸ்தீன், கூத்தாநல்லூர்.
தோளில் ஒரு சிறுத்தையை ஏற்றியிருந்தேன்.
களத்தில் ஒன்றும் ஆகவில்லை.
மறுநாள் மோட்டார் கொட்டகைச் சுவரிலிருந்து குதிக்கையில்
கணுக்கால்.
அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாமவன் வடுவூர்ப் பக்கம்.
அவனுக்கு வெறும் காய்ச்சல்தான்.
ஆனால் மூன்று வேண்டியிருந்தது.

நான் சதுர அடிக் கணக்கில் பிழைக்கிறவன்.
ஓரத்தில் தபால்தலை அளவில் ஒட்டிய பதினோரு பேரில்
நாலு பேருக்கு அதே கோடையில் தோள் கழன்றது.
யாரும் எண்ணவில்லை.
சின்னப் படத்துக்கு விதி வராது போலும்.
சொல்லிப் பார்த்தேன்.
‘நீங்க சொல்றது சரிதாண்ணே.
எதுக்கும் என்னை ஓரமா போடுங்க.’

மாசி பிறந்ததும் வியாபாரம் தலைகீழ்.
நடுவில் வரச் சண்டை போட்டவர்கள்
வராமலிருக்கக் காசு கொடுத்தார்கள்.
ஒரு ராத்திரி, பாதி இறக்கிய ஷட்டருக்குள்
குனிந்து வந்தார் ஓர் உரக்கடை முதலாளி.
அவர் கைபேசியில் எதிரணிப் பையன்.
‘வாழ்த்துகிறோம்னு போடுங்க. பெருசா. நடுவுல.
தீயும் இருக்கட்டும்.’
பணம் முழுவதையும் முன்னாலேயே கொடுத்தார்,
என் பதினெட்டு வருஷத்தில் முதல் ஆள்.

மை விலை ஏறியிருந்தது. போட்டேன்.
பையன் இறுதிப் போட்டியில் இருபத்தொரு பாயிண்ட் எடுத்தான்.
உரக்கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தார்.
மூடநம்பிக்கை ஐயா, என்று வழியனுப்பினேன்.
அந்த ஆட்டம் முடியும்வரை
எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை
அவரிடம் சொல்லவில்லை.

பிறகுதான் விடுதலைச்செல்வி வந்தாள்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஏதோ ஒரு பெண்கள் அணி.
வலது முட்டியில் பூரான் மாதிரி
இரண்டு தையல் தடம்.
‘நடுவுல என்னைப் போடுங்க.’
விஷயம் தெரியுமில்ல, என்றேன்.
‘ரெண்டு தடவை போயிருச்சு.
அப்பல்லாம் நான் எந்த ஃபிளக்ஸுல இருந்தேன்?’
தீ வேண்டாம். சிறுத்தை வேண்டாம்.
முட்டி தெரியணும்.
பெயரைச் சுருக்கக் கூடாது, எழுத்து சின்னதானாலும்.

மஞ்சள் நீராட்டும் கண்ணீர் அஞ்சலியும்
இதே மெஷினில்தான் அடிக்கிறேன்.
பல பேருக்கு இரண்டிலும் ஒரே சிரிப்பு,
பின்னணி நிறம் மட்டும் மாறும்.
அன்று அவள் முகத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது
மவுஸின் மேல் விரல் கொஞ்சம் நின்றது.
அவள் பின்னாலிருந்து,
‘இன்னும் பெருசா’ என்றாள்.

கால் இறுதியில் தோற்றார்கள்.
பையைத் தூக்கிக்கொண்டு
நடந்துதான் பஸ் ஏறினாளாம். விசாரித்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள், கொள்முதல் நிலைய வாசலில்,
குறுவை நெல் அம்பாரத்தின் மேல் கிடந்தாள்
தலைகீழாக, நாலு மூலையிலும் செங்கல்.
விடாத மழை.
முட்டி இருந்த மடிப்பில் தண்ணீர் தேங்கியிருக்க
மூட்டை பிடிக்கிற ஆள் கம்பால் உந்தி வடித்துவிட்டார்.
யார் நெல்லென்று நான் கேட்கவில்லை.
அலுவலர் ஃபிளக்ஸின் ஓரத்தைத் தூக்கி
ஒரு பிடி அள்ளி
கருவியில் போட்டுப் பார்த்தார்.
பதினாறு புள்ளி எட்டு, என்றார்.
எடுத்துக்கலாம்.