நான்கெல்லை

பத்திரத்தில் நான்கெல்லை எழுத வேண்டும்.
த்ராபனியிலிருந்து இரவுக் கப்பலில் வந்திறங்கினேன்,
பையில் அளவு நாடா, உதட்டில் உப்பு.
பந்தெல்லேரியா.
காற்று முதலில் தொப்பியைக் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

கரிய எரிமலைக் கல்லில், சாந்தில்லாமல்,
இரண்டாள் உயரத்துக்கு ஒரு வட்டச் சுவர்.
குனிந்தால் மட்டும் விடுகிற கதவு.
உள்ளே காவலில் இருந்தது அரசனில்லை, கைதியில்லை,
ஒரே ஓர் ஆரஞ்சு மரம்.
சுவரைத் தாண்டிய கொப்பையெல்லாம்
காற்று கத்தரித்து மட்டம் பார்த்திருந்தது.

வாரிசுகள் ஏழு பேர். வந்தவர்கள் மூவர்.
லிபோரியா அல்மான்சாவுக்குத் தெற்குக் கொப்புகள் மூன்று,
தாய்மாமன் எழுதிவைத்தபடி.
கஸ்பாரேவுக்குக் கதவும் சாவியும்;
பூட்டு யாருடையது, பத்திரம் சொல்லவில்லை.
தூரின் கார் ஆலையில் ஓய்வு பெற்ற நுன்சியோவுக்குச் சுவர்.
மெல்போர்னில் ஒருத்திக்கு நிழல்.
எத்தனை சதுர மீட்டர் என்று கடிதத்தில் கேட்டிருந்தாள்.
எத்தனை மணிக்கு என்று நான் திருப்பிக் கேட்க வேண்டும்.

வட்டத்துக்கு ஏது வடகிழக்கு மூலை?
வடக்கே காற்று, தெற்கே காற்று
என்று எழுதி அடித்தேன்.

கட்டியவர் யார் என்றொரு கட்டம் படிவத்தில்.
அரேபியர், என்றார் கஸ்பாரே.
கம்மா, கதீர், புக்குராம்:
சிலுவை வந்த பிறகும்
பழைய பெயரை விடாத ஊர்கள் சாட்சி.
அதற்கும் முன்னே, பினீசியர், என்றார் நுன்சியோ.
முர்சியாவில் கல்லறைகளை மலைபோல் குவித்துவிட்டுப்
பெயர் சொல்லாமல் போனவர்களை
நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.
நாற்பத்து மூன்றில் குண்டு விழுந்து சரிந்த பாதியை
அடுக்கியது என் அப்பா, என்றாள் லிபோரியா.
முதலில் கட்டியது?
"காற்றோடு சண்டை போட்ட எவனோ.
ஜெயிக்கவில்லை, பார்,
தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டான்."

ஆறில்லாத தீவு.
இரவில் கல் வியர்க்கும்,
விடிவதற்குள் வேர் குடித்துவிடும்.
அந்த நீர் யார் பங்கு?
ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நாடாவால் சுற்றினேன்: இருபத்தேழு மீட்டர் எழுபது.
எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன்: இருபத்தேழு நாற்பது.
இரண்டையும் எழுதினேன்.

அப்போது ஒரு பழம் விழுந்தது.
எந்தக் கொப்பு என்று மூவரும் மேலே பார்த்தார்கள்.
கஸ்பாரே நகத்தால் கீறி உரித்தார். சுளைகள் பத்து.
ஆளுக்கொன்று.
வராத நால்வருக்குரியதைச் சுவர்ப் பொந்தில் வைத்தார்;
எறும்புகள் வாரிசுச் சான்றிதழ் காட்டவில்லை.
மிச்சம் மூன்று என் கையில், கூலியென்று.

என்ன புளிப்பு!
கண்ணை இடுக்கிக்கொண்டே வெளியேறியதில்
குனிய மறந்தேன்.
வாசல் கல் நெற்றியில் வைத்த கையெழுத்து
கப்பலேறும்வரை எரிந்தது.