பெரிய எழுத்து

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
டிஸ்சார்ஜ் சீட்டு அடிப்பது என் வேலை.
நோயாளி தேசம்மாளைப் பற்றி டாக்டர் எட்டு வரி கிறுக்கியிருந்தார்.
கூட இருக்கும் கணவரைப் பற்றி ஒரே சொல்:
மாட்லின்.

அகராதியைப் பார்த்தேன்.
தொட்டதற்கெல்லாம் அழுவது,
குடித்துவிட்டு உருகுவது,
அசட்டுக் கண்ணீர்.
கீழே பொடி எழுத்தில் வேர்ச்சொல்:
மகதலா ஊர் மரியாள்.
ஓவியர்கள் அவளை அழவைத்தே வரைந்தார்களாம்.
ஆங்கில நாக்கு அந்தப் பெயரை மென்று மென்று
சக்கையாக்கித் துப்பியிருக்கிறது.

நான் மதலேன்.
காட்பாடிக் கோவிலில்
எண்ணெய் தொட்டு வைத்த பெயர்.

முனிரத்தினத்தை எனக்குத் தெரியும்.
குடியாத்தத்தில் லுங்கித் தறி.
பில் கவுண்டரில் அழுதார், வாட்ச்மேனிடம் அழுதார்,
திறக்காத லிப்ட்டைப் பார்த்தும் அழுதார்.
"அவ ஒருத்திதான் கீறா எனக்கு."
வாயைத் திறந்தால் சாராய வாடை.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
எங்கள் ஊரைப் பழிக்கிற பட்டியலில்
கண்ணீரில்லாத ஆம்பளை என்று
யாரும் சேர்த்ததில்லை.

ஆனால் பதினோரு நாளும்
விடியாத இருட்டோடே
சொம்பில் சூடான பால் கொண்டுவந்தார்.
வாய்வழி எதுவும் கூடாது என்று
கட்டிலில் அட்டை தொங்கியது.
படிக்கத் தெரியாது.
நர்ஸ் திருப்பி அனுப்புவாள்.
மறுநாளும் வருவார்.

அவளும் அப்படித்தானே போனாள்,
இருட்டில், கையில் வாசனைத் தைலத்தோடு,
தேவைப்படாத ஒன்றைச் சுமந்துகொண்டு.
கல் புரண்டிருந்ததைக் கண்டு
மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள்.
பொம்பளைப் பேச்சு என்றார்கள்.
அந்த ஓட்டத்திலிருந்து
ஒரு சொல்லும் பிறக்கவில்லை.
அழுததை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டது உலகம்.

சீட்டில் எதையும் மாற்ற
எனக்கு அதிகாரமில்லை.
அப்படியே அடித்தேன்.
முற்றுப்புள்ளிக்கு அடுத்து வந்த சொல் என்பதால்
கம்ப்யூட்டரே
முதல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டது.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு வாங்க முனிரத்தினம் வந்தார்.
இன்று குடிக்கவில்லை.
"உம் பேரு இன்னாம்மா?"
சொன்னேன்.
"நல்ல பேரும்மா" என்றவர்
மறுபடி ஆரம்பித்துவிட்டார்.