மேல்வீட்டுக் குளியல்தொட்டி

மூன்றாம் இரவும் என் கூரை சொட்டியது.
சட்டையை மாட்டிக்கொண்டு மேலேறினேன்,
சண்டைக்கு வேண்டிய சொற்களைப்
படிக்கு ஒன்றாக அடுக்கியபடி.

உர்வே சாரெவெத் கதவைத் திறந்தாள்.
முழங்கை வரை ஈரம், காதுமடலில் பென்சில்.
"நல்லவேளை வந்தீர்கள்.
இந்த விளக்கைப் பிடியுங்கள்."

தொட்டி விளிம்புவரை தண்ணீர்.
தையல் இயந்திரத்தின் பழைய மோட்டார்
நூலைச் சுற்றி இழுக்க,
விரல்நீள மரமீன் ஒன்று
தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு
நேராக, மிக நேராக,
தபால்காரரைப் போல் போய்ச்சேர்ந்தது.
"பார்த்தீர்களா?" என்றாள் வெறுப்போடு.
"எவ்வளவு ஆரோக்கியம்!"

பகலில் அவள் பல்செட் செய்பவள்.
தார்து நகரத்துப் பாதி வாய்களில்
அவளுடைய பொய்கள் கறுப்பு ரொட்டி மெல்லுகின்றன.
கடித்தால் நிஜம் போலிருக்க வேண்டும், அது பகல்.
கடிபட நிஜம் போலிருக்க வேண்டும், இது இரவு.

மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டாம்.
மரத்துக்குச் சொல்லித்தர வேண்டும்,
அதுவும் தப்பாக நீந்த.

மூக்குக்கண்ணாடிக் கீலால் இடுப்பை இணைத்த ஒன்று
பாம்பாய் நெளிந்தது. "ஆடுகிறது. ஆடுபவனுக்கு
என்ன பயம் இருக்கும்?" தூக்கிப் போட்டாள்.
வயிற்றில் கண்ணாடி மணி உருளும் ஒன்று
கிலுகிலுவென்று தன்னையே விளம்பரம் செய்தது.
கரண்டிக் குழியை வெட்டி முகத்தில் ஒட்டியது
தண்ணீரை வாந்தியெடுத்தது.
சோப்பு வைக்கும் கிண்ணம் முழுக்க
மும்முட்கள், ஈயத்துளிகள்,
யாருடையவோ இரண்டு கடைவாய்ப்பற்கள்.

நான் கூரையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் என் காலைப் பார்த்தாள்.

"படியில் உங்கள் சத்தம் கேட்டேன்.
ஓர் எட்டு ஊன்றி, ஓர் எட்டு இழுத்து,
ஐந்தாவதில் ஒரு நிற்பு.
இன்னொருமுறை நடக்கிறீர்களா?"

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
பனிக்கட்டியில் வழுக்கி உடைந்த இடுப்பு.
யாரும் இதுவரை அதை மறுபடி கேட்டதில்லை.
கூடத்தில் நடந்தேன், வாசல் முதல் ஜன்னல் வரை,
விளக்கோடு.
என்னை அவள்
தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஈறு செய்யும் ரோஜாநிறப் பிசினில் ஒரு தாடைத்தகடு.
அதன் இடதுமூலையில் அரத்தால் இரண்டு இழுப்பு.
ஈயத்துளி வயிற்றிலிருந்து வாலருகே நகர்ந்தது.
மோட்டார் இரைந்தது.
தகட்டில் மோதிய நீர் ஒருபக்கம் வழுக்க,
உடல் மறுபக்கம் சாய,
சாய்ந்ததை நீர் திருப்பித் தள்ள,
ஊன்றி, இழுத்து, ஊன்றி, இழுத்து,
பிறகு நூல் தளர்ந்த ஒரு கணத்தில்
பின்வாக்கில் அமிழ்ந்தது,
சாவியை எடுத்தோமா என்று
நின்று யோசிப்பவனைப் போல.

கோபப்பட நினைத்தேன்.
"இன்னும் கொஞ்சம் இழுக்கும்" என்றுதான்
வாயிலிருந்து வந்தது.
மறுபடி அரம் எடுத்தாள்.

ஞாயிறு, எமயோகி ஆற்று வளைவில்,
கோரைக்கு ஓரமாய்ப் படகை நிறுத்தி எறிந்தாள்.
தேநீர் நிறத் தண்ணீருக்குள்
என் நடை, எனக்கு எதிரே, எங்களை நோக்கி
வந்துகொண்டிருந்தது.
அதன் பின்னால், அவசரமேயில்லாமல்,
ஒரு நிழல்.

ஹவுக் என்பார்கள் இங்கே,
வாத்தின் மூக்கும் ஓநாயின் பல்லுமாய்.
நான்கு எட்டுவரை கூடவே வந்தது.
உர்வே சுற்றுவதை நிறுத்தினாள்.
மரமீன் நின்றது, யோசித்தது, அமிழ்ந்தது.

தண்ணீர் கிழிந்தது.

படகுக்குள் அதன் வாயைப் பிளந்து,
டார்ச் அடித்து, கீழ்வரிசையைத் தடவினாள்.
"நாலு விழுந்திருக்கிறது, முளைத்துவிடும்.
கொடுத்துவைத்தது." முள்ளைக் கழற்றி
வாலைப் பிடித்து ஆற்றில் விட்டாள்.
என் இடுப்பில், மரத்தில்,
ஏழு பல்தடங்கள்.

அன்றிரவு வீடு திரும்புகையில்
இரண்டாம் மாடிக்குப் படியேறினேன்.
ஊன்றி, இழுத்து, ஊன்றி, இழுத்து.
ஐந்தாவதில் நின்றபோது
திரும்பிப் பார்த்தேன்.