இருபத்து நான்கு கிலோமீட்டர்

மூன்று முறை என் இதயத்தைத் தாளில் வரைந்து பார்த்தார்கள்.
மூன்றிலும் ஒரே அலை,
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
"உங்களுக்கு ஒன்றுமில்லை, தோர்கிரிம்."
அந்த ஒன்றுமில்லையைத்தான்
தாங்க முடியவில்லை.

ஒன்றுமில்லாததா
லேர்டால் சுரங்கத்தின் எட்டாவது கிலோமீட்டரில்
என் விரல்களை மரக்கட்டையாக்கியது?
ஒன்றுமில்லாததா
பதினெட்டு டன் சால்மன் மீனோடு
என்னை ஓரங்கட்டச் செய்து,
இறங்கு, ஓடு, எந்தப் பக்கமானாலும் ஓடு
என்று காதுக்குள் கத்தியது?

அன்றிலிருந்து மலைமேல் போனேன்.
கேட்டவர்களுக்குக் காட்சி அழகு என்றேன்.
டீசல் கணக்கு மட்டும்
என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு லிஃப்ட்.
பிறகு முடிவெட்டும் நாற்காலி:
கழுத்தில் துணியைக் கட்டியதும்
பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன்.
பிறகு கார்களை ஏற்றிப் போகும் படகு.
பயம் நிலம் வாங்கியது.
இன்று ஒரு சென்ட், நாளை ஒரு ஏக்கர்.
கொஞ்ச நேரம் நிம்மதி கிடைத்தால் போதுமென்று
கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தவன் நான்தான்.

அக்டோபரில் பனி விழுந்தது.
மேல்சாலையை இழுத்து மூடினார்கள்.

ரக்ன்ஃப்ரிட் முன்பு கைப்பந்து ஆடியவர்,
உட்காரும்போது முழங்கால் சொடுக்கும்.
"பதற்றக் கோளாறு" என்றார்.
பெயர் வைத்ததும்
அது ஓரங்குலம் குட்டையானது.
அமைதியாக இரு என்று
அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
உறிஞ்சுகுழல் ஒன்றைக் கொடுத்து
இதன் வழியாக மட்டும் மூச்சு விடுங்கள் என்றார்,
ஒரு நிமிடம்.
சுழல்நாற்காலியில் வைத்துச் சுற்றிவிட்டார்.
நான்கு மாடி ஏறி இறங்க ஓடவிட்டார்.
தலை கிறுகிறுத்தது, நெஞ்சு இடித்தது, கை வியர்த்தது.
எல்லாம் அதே சாமான்கள்;
சுரங்கம் மட்டும் இல்லை.
"இப்போது சாகிறீர்களா?"
"இல்லை. உங்கள் நாற்காலிக்கு எண்ணெய் போட வேண்டும்."

மாத்திரையும் உண்டு,
வெள்ளை, நகத்தளவு.
முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடும்
என்று டாக்டர் சொல்லியிருந்தார், கூடியது.
வயிறும் சண்டை போட்டது.
"மாத்திரைக்கா அடிமையாகப் போகிறாய்?"
என்று கேட்டான் ஐலெர்ட்,
சட்டையைத் தூக்கி
வயிற்றில் இன்சுலின் குத்திக்கொண்டே.
ஆறாவது வாரம் ஒரு காலை
காபி கொதிக்கும் சத்தத்தைக் கேட்டேன்.
மணிக்கட்டில் விரல் இல்லை.
நாடியை எண்ண மறந்திருந்தேன்.

பிறகு நோட்டுப்புத்தகம். இரண்டு பத்திகள்.
என்ன நடக்கும்.
என்ன நடந்தது.
கம்பெனி வேனில் சுரங்க வாய் வரை, திரும்பினோம்.
நீல விளக்கு எரியும் முதல் குகை வரை,
பக்கத்து இருக்கையில் அவர், முழங்கால் சொடுக்க.
அப்புறம் பின்னால் தன் காரில்.
அப்புறம் லாரியில், தனியாக.
எண்ணக் கூடாது. பாடக் கூடாது.
யாருக்கும் போன் போடக் கூடாது.
ஏறினால் ஏறட்டும், அதை
இறக்கிவிடுவது உங்கள் வேலை இல்லை.

நடக்கும்: செத்துப்போவேன்.
நடந்தது: ரேடியோ அறுந்தது, வானிலை அறிக்கை பாதியில்.

நடக்கும்: கத்துவேன், வண்டியை விட்டு ஓடுவேன்.
நடந்தது: பதினோராவது கிலோமீட்டரில் பயம் பத்துக்கு எட்டு.
பதினாறில் ஐந்து. பசி.

குணமா என்று கேட்காதீர்கள்.
ஜனவரியில் மளிகைக்கடை வரிசையில் வந்தது,
சுரங்கமும் இல்லை, இருட்டும் இல்லை,
கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
விரல் மரத்தது பட்டாணியாலா அதனாலா
என்று தெரியாமல் நின்றேன்.
ஆனால் நின்றேன்.
முன்னால் ஒரு கிழவர்
சில்லறையை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்.

நேற்றிரவும் போனேன்.
இருபதாவது கிலோமீட்டரில்
ரொட்டியும் பழுப்புச் சீஸும் நினைவுக்கு வந்தன.
வெளியே வந்ததும் கண்ணாடியில் பனி,
வைப்பரைத் தட்டினேன்.
ரேடியோ திரும்பி வந்தது,
மேல்சாலை மூடியிருப்பதாக
வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டு.